வினைச்சொல்லுள் ஒளிந்த தீர்ப்பு

தமிழில் ‘வினை’ என்னும் சொல் மனிதன் செய்யும் செயலையும் குறிக்கும். அச்செயலைக் கூறும் சொல்லையும் குறிக்கும். முதலாவது வினையை ஆராய்வது அறவியல். இரண்டாவது வினையை ஆராய்வது இலக்கணம். இவ்விரு துறையினரும் தத்தம் வழியே செல்வர். ஒருவர் வாயிலை மற்றவர் தட்டுவது அரிது. எனினும், ஒரு செயல் நல்லதா தீயதா என்று நாம் எண்ணத் தொடங்குமுன்னரே அச்செயலுக்கு ஒரு சொல் வந்து அமைந்துவிடுகின்றது. அச்சொல்லே நம் எண்ணத்தின் போக்கை வகுத்துவிடுமாயின், அறவியலாளன் இலக்கணகாரனின் உதவியை நாடியே ஆகவேண்டும். இவ்வுண்மையை ஓர் ஆங்கிலக் கொச்சைச் சொல்லைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சொல் ‘போர்க்’ என்பது. ஐக்கிய அமெரிக்காவின் அரசியற் பேச்சில் இது ஒரு வினைச்சொல். பதவியொன்றுக்குப் பெயர் குறிக்கப்பட்ட ஒருவரை, அவர் அப்பதவியை அடையாதவாறு, பத்திரிகை, தொலைக்காட்சி முதலியவற்றின் வாயிலாகத் திட்டமிட்டுப் பழிதூற்றி வீழ்த்துதல் என்பது இதன் பொருள். ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி 2002 ஆம் ஆண்டில் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. கணினித் துறையினரிடையே இதே ஒலியுடைய சொல் வேறொரு பொருளில் வழங்குகின்றது. இயந்திரமோ செயல்நிரலோ பழுதுற்று, ஒழுங்கு குலைந்து, இயங்காது நின்றுவிட்டால் அது ‘போர்க்’ ஆகிவிட்டது என்பர். பெரும்பாலும் அது தவறான அமைப்பாலோ கவனக்குறைவான மாற்றத்தாலோ நேர்ந்த பழுதாயிருக்கும்.

இவ்விரு வழக்குகளையும் தமிழிற் சொல்ல முற்படின் ஓர் உண்மை புலப்படும். முதலாவதை ‘போர்க் செய்தார்கள்’ என்றே நாம் கூறவேண்டும். இரண்டாவதை ‘போர்க் ஆகிவிட்டது’ என்றே கூறவேண்டும். செய்தலும் ஆதலும் என்ற வேறுபாடு நம் மொழியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. உடைத்தான், உடைந்தது, கெடுத்தான், கெட்டது எனப் பிறவினைக்கும் தன்வினைக்கும் இடையே ஒற்றொன்று மிகுவதும் மெலிவதுமே பொறுப்பு எவர் பக்கம் என்பதைக் காட்டிவிடும்.

பவணந்தி முனிவரின் நன்னூல் வினைச்சொல் உணர்த்தவேண்டியவை ஆறு என வரையறுத்துள்ளது. தொழில் இன்னது, அதனைச் செய்தவர் இன்னார், செய்யப்பட்ட பொருள் இன்னது, கருவி இன்னது, இடம் இன்னது, காலம் இன்னது என்பனவே அவ்வாறும். இவ்வாறினுள் ‘அத்தொழில் நீதியானதா’ என்னும் வினா இல்லை என்பது நோக்கற்பாலது. அது வினையைக் கேட்டவர் தாமே பின்னர் எழுப்பி விடைகாண வேண்டிய ஏழாவது வினா. இந்த அளவுகோலைக் கொண்டு ‘போர்க்’ என்னும் சொல்லை அளந்தால், அதன் அரசியல் வழக்கு ஏழாவதற்குரிய விடையைச் சொல்லுக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பதையும், கணினி வழக்கு ஆறினுள் ஒன்றாகிய செய்பவனை வெளியே தள்ளிவிட்டிருப்பதையும் காணலாம். ஒன்று வினைச்சொல் தாங்கக்கூடாததைத் தாங்குகின்றது. மற்றது தாங்கவேண்டியதைக் கைவிடுகின்றது. இவ்விரண்டும் அறத்துக்கு ஊறு விளைவிப்பன என்பதே எமது வாதம்.

இச்சொல் பிறந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். றொபேட் போர்க் என்பார் 1927 இற் பிறந்தவர்; யேல் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராக விளங்கியவர். சனாதிபதி நிக்சனின் காலத்தில் மன்றாடியார் நாயகமாகப் பணியாற்றினார். வோட்டர்கேற் விவகாரத்தை விசாரித்த விசேட வழக்குத் தொடுநர் ஆச்சிபால்ட் கொக்ஸைப் பதவிநீக்கும்படி நிக்சன் பணித்தபோது, சட்டமா அதிபர் எலியற் றிச்சாட்சனும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த வில்லியம் றக்கிள்ஸ்ஹவுஸும் அதற்கு இணங்காது பதவி துறக்க, மூன்றாம் நிலையிலிருந்த போர்க் அக்கட்டளையை நிறைவேற்றினார். இது 1973 ஒக்டோபர் 20 இல் நிகழ்ந்தது. 1982 இல் சனாதிபதி றேகன் இவரை வாஷிங்டனிலுள்ள சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக்கினார்.

1987 யூலை 1 இல், ஓய்வு பெற்ற நீதிபதி லூயிஸ் பவலின் இடத்துக்கு உயர் நீதிமன்ற நீதிபதியாகப் போர்க்கின் பெயரை றேகன் முன்மொழிந்தார். அன்றைய தினமே செனற்றர் எட்வேட் கெனடி சபையில் எழுந்து உரையாற்றினார். போர்க் ஆளும் அமெரிக்காவிற் பெண்கள் கருச்சிதைவுக்காக மறைவிடங்களை நாட நேரும், கறுப்பின மக்கள் உணவகங்களில் வேறாகப் பிரிக்கப்படுவர், நள்ளிரவிற் பொலிஸார் குடிமக்களின் கதவுகளை உடைப்பர் என அவர் ஓர் அச்சந்தரும் சித்திரத்தைத் தீட்டினார். நடிகர் கிரெகறி பெக்கின் குரலில் எதிர்ப்பு விளம்பரம் தொலைக்காட்சியில் ஒலிபரப்பாயிற்று. ஜோ பைடனின் தலைமையில் இயங்கிய நீதித்துறைக் குழு செப்ரெம்பரில் விசாரணையைத் தொடங்கிற்று. போர்க் ஐந்து நாட்கள் அக்குழுவின் முன்னமர்ந்து விடையளித்தார். ஒக்டோபர் 23 இல் செனற் சபை 58 க்கு 42 என்ற வாக்குகளால் அவரை நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்த 58 பேருள் அறுவர் றேகனின் கட்சியினர். ஆதரித்த 42 பேருள் இருவர் எதிர்க்கட்சியினர்.

இந்நிகழ்ச்சித் தொடர் முழுவதையும் ‘போர்க் செய்தல்’ என்னும் ஒரே வினையுள் அடக்குவது பொருந்துமா? சற்று நுணுகி நோக்கின், இதனுள் அறத்தன்மையால் வேறுபட்ட மூன்று செயல்களேனும் அடங்கியுள்ளன.

முதலாவது, மிகைப்படுத்தித் திரித்துக் கூறுதல். பொது இடங்களிற் பாகுபாட்டைத் தடைசெய்ய இருந்த சட்டத்தை 1963 இல் போர்க் எதிர்த்து எழுதியது உண்மை. ஆயின் அக்கருத்தைத் தாம் கைவிட்டதாக 1973 இலேயே அவர் செனற் சபைக் குழுவின் முன் கூறியிருந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் கைவிடப்பட்ட கருத்தை அவரது இன்றைய நோக்கமாகக் காட்டுவது நேர்மையன்று. இரண்டாவது, ஒருவர் வெளிப்படையாக எழுதியும் பேசியும் நிலைநாட்டிய கொள்கையை ஆராய்ந்து, அதனை ஏற்கவியலாது என மறுத்தல். அரசியலமைப்புப் பேச்சுரிமைக்கு அளிக்கும் பாதுகாப்பு அரசியற் பேச்சுக்கு மட்டுமே உரியது என அவர் 1971 இல் எழுதினார். மணமான தம்பதியர் கருத்தடைச் சாதனங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்த கனற்றிகற் மாநிலச் சட்டத்தை 1965 இல் உயர் நீதிமன்றம் நீக்கியபோது சார்ந்து நின்ற அந்தரங்க உரிமைக் கோட்பாட்டுக்கு அரசியலமைப்பில் ஆதாரமில்லை என்றார். ஆயுட்காலப் பதவியொன்றைப் பெறவிருப்பவரின் இக்கொள்கைகளை வினாவுதல் மக்கட் பிரதிநிதிகளின் கடமை. மூன்றாவது, ஒருவரின் தனிவாழ்வினுட் புகுந்து துருவுதல். அக்காலத்தில் வாஷிங்டன் வாரப் பத்திரிகையொன்று, போர்க்கின் குடும்பத்தினர் வாடகைக்குப் பெற்ற வீடியோ ஒளிநாடாக்களின் பட்டியலைப் பெற்று வெளியிட்டது. அதில் நாணத்தக்கது எதுவும் இருக்கவில்லை. எனினும் அச்செயலின் தகாமையை இரு கட்சியினரும் உணர்ந்தனர். இத்தகைய பதிவுகளைக் காக்கும் சட்டம் 1988 இல் நிறைவேறிற்று.

திரித்தல் தீது, வினாவுதல் கடமை, அந்தரங்கத்தைத் துருவுதல் அத்துமீறல். ‘போர்க் செய்தார்கள்’ என்பவன் இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தீமை என்னும் முத்திரையை மேலே குத்திவிடுகின்றான். ஐந்து நாள் விசாரணையில் முகத்துக்கு நேரே கேட்கப்பட்ட வினாக்களும் புறங்கூறலாய் மாறிவிடுகின்றன. திருக்குறள் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது; ஆனால் ஒருவரை ஆராய்ந்து தெளிந்த பின்னரே பொறுப்பில் அமர்த்தவேண்டும் என்பதற்கும் அது தனி அதிகாரங்கள் வகுத்துள்ளது. இரண்டும் வேறென்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். ‘போர்க்’ என்னும் சொல்லோ அவ்வேறுபாட்டை அழிக்கின்றது.

இங்கு ஒரு தடை எழலாம். கொடுமை, துரோகம், வஞ்சகம் ஆகிய சொற்களும் செயலையும் தீர்ப்பையும் ஒருங்கே கூறுகின்றன அல்லவா? அவற்றை நீக்கிவிட்டு அறத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்? பேணாட் வில்லியம்ஸ் 1985 இல் வெளியிட்ட அறவியல் நூலில் இத்தகைய சொற்களை அடர்த்தி மிக்க கருத்துக்கள் எனக் குறிப்பிட்டு, அறவாழ்வுக்கு அவை இன்றியமையாதன என்று காட்டினார். இத்தடை வலிமை வாய்ந்தது. ஆயினும் இதற்கு விடையுண்டு. ‘வஞ்சித்தான்’ என்று ஒருவன் கூறினால் நாம் அதனைச் சோதிக்கலாம். பொய் சொல்லப்பட்டதா, நம்பிக்கை குலைக்கப்பட்டதா என்று கேட்கலாம். இல்லையென்று தெரிந்தால் அச்சொல்லை மீளப் பெறும்படி வற்புறுத்தலாம். அச்சொல்லுக்குத் தன்னுள்ளேயே ஓர் அளவை உண்டு. ‘போர்க்’ என்பதற்கு அளவையாக நிற்பது ஒரு மனிதனின் பெயர் மட்டுமே. இது போர்க் செய்தலா என்று கேட்டால், 1987 இல் நிகழ்ந்தது போன்றதா என்பதே விடையாக வரும். 1987 இல் நிகழ்ந்தது யாது என்பதோ இன்றும் வழக்கிலுள்ள விடயம். வழக்கையே அளவுகோலாக்கி அவ்வழக்கைத் தீர்ப்பது தர்க்கமாகாது. நிரூபிக்கவேண்டியதை முன்னரே உட்கொண்ட பெயர்களை ஜெரமி பெந்தம் போலி வாதங்களின் வரிசையிற் சேர்த்தார். ‘போர்க்’ அவ்வரிசைக்கே உரியது.

இதனால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1991 இல் கிளறன்ஸ் தோமஸ் என்பார் அதே நீதிமன்றத்துக்குப் பெயர் குறிக்கப்பட்டார். அவரைப் ‘போர்க்’ செய்யப்போவதாகப் பெண்ணுரிமை இயக்கத்தவர் ஒருவர் யூலையிற் பகிரங்கமாகக் கூறினார். இங்கு அச்சொல்லின் தீர்ப்பு தலைகீழாயிற்று. வீழ்த்தப்பட்டோர் பக்கத்தாருக்கு வசையாய் இருந்தது வீழ்த்த விரும்புவோருக்கு வீரமாய் விட்டது. மூன்று மாதங்களின் பின் அனிற்றா ஹில் என்னும் சட்டப் பேராசிரியை குழுவின் முன் தோன்றி, தோமஸின் கீழ்ப் பணியாற்றிய காலத்தில் அவர் தம்மிடம் பாலியல் ரீதியாகத் தகாத முறையில் நடந்துகொண்டார் எனச் சாட்சியமளித்தார். தோமஸ் அதனை முற்றாக மறுத்தார். சபை 52 க்கு 48 என்ற வாக்குகளால் அவரை ஏற்றது. அச்சாட்சியத்தின் மெய்ம்மை பற்றி ஈண்டு முடிவு கூறுதல் நம் பணியன்று. நாம் கவனிக்கவேண்டியது வேறு. ஹில் வாய்திறக்கு முன்னரே அவர் கூற்றை வைப்பதற்குரிய பேழை தயாராய் இருந்தது. பலருடைய செவிக்கு அவர் ஒரு சாட்சியாகப் படவில்லை. போர்க் செய்தலின் ஒரு கருவியாகவே பட்டார். கூறப்பட்டது உண்மையா என்னும் வினாவைக் கேட்காமலே கடந்துசெல்லும் வசதியை ஒரு சொல் அளிக்குமாயின், அச்சொல்லால் இழப்பவர் உண்மையைக் கூறவரும் எளியவரே.

இன்னொரு நிகழ்ச்சியையும் இதனோடு ஒப்பிடலாம். 2016 மார்ச் 16 இல் சனாதிபதி ஒபாமா, மெறிக் கார்லண்ட் என்னும் நீதிபதியை இதே நீதிமன்றத்துக்குப் பெயர் குறித்தார். செனற் சபையின் பெரும்பான்மையினர் அவரைப் பழிதூற்றவில்லை, விசாரிக்கவுமில்லை. ஒருநாளேனும் குழுவின் முன் அவர் அழைக்கப்படவில்லை. 2017 சனவரி 3 இல் அம்முன்மொழிவு தானாகவே காலாவதியாயிற்று. போர்க்குக்கு ஐந்து நாட்களும் ஒரு வாக்கெடுப்பும் கிடைத்தன. கார்லண்டுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. எனினும் கார்லண்டின் பெயர் போர்க்கின் பெயரைப் போன்று வினையாகி வேரூன்றவில்லை. கூச்சலுடன் செய்த செயல் சொல்லைப் பெற்றது. மௌனமாகச் செய்த செயல் சொல்லின்றிப் போயிற்று. பெயரிடப்பட்டவையே பெரிய அநீதிகள் என்று கருதுவோன் இம்மயக்கத்துக்கு ஆளாவான்.

இனி, மனிதப் பெயரொன்று வினையாவது பற்றிச் சிறிது சிந்திப்போம். பாஸ்டரின் பெயரால் வழங்கும் வினை அவர் கண்ட முறையைக் குறிக்கும். குவிஸ்லிங் என்னும் பெயர் நோர்வேயை நாற்சிகளுக்குக் காட்டிக்கொடுத்தவன் செயலைக் குறிக்கும். இவை செய்தவனின் பெயரால் அமைந்தவை. போர்க்கின் பெயரோ, அவர் செய்ததைக் குறிக்கவில்லை. அவருக்குச் செய்யப்பட்டதைக் குறிக்கின்றது. நன்னூலார் மொழியிற் கூறின், செயப்படுபொருளின் பெயரே இங்குத் தொழிலின் பெயராயிற்று. போட்டி வாணிபச் சட்டம் பற்றி 1978 இல் அவர் எழுதிய நூல் அமெரிக்க நீதிமன்றங்களின் போக்கையே மாற்றியது. கொக்ஸைப் பதவிநீக்கிய செயல் வரலாற்றில் நிற்கின்றது. இவ்விரண்டையும் அச்சொல் அறியாது. 2012 இல் மறைந்த அவரது எண்பத்தைந்து ஆண்டு வாழ்வில் நான்கு மாதங்களுக்கும் குறைந்த ஒரு காலத்தை மட்டுமே அது அறியும்.

இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. 1880 இல் அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் நிலப்பிரபு ஒருவரின் முகவராயிருந்த கப்டன் பொய்கொட்டுடன் குடியானவர் எவரும் பேசுவதோ வேலை செய்வதோ இல்லையென ஒதுக்கி வைத்தனர். அவரது பெயரும் செயப்படுபொருளின் பெயரே. ஆனால் அது நாளடைவில் தீர்ப்பைக் களைந்துவிட்டது. ‘பகிஷ்கரித்தல்’ என்று நாம் தமிழில் வழங்கும் அவ்வினை சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் தூண்டுதலால் வடபகுதியில் அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. அது தியாகமா தவறா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்துக்குச் சொல் குறுக்கே நிற்கவில்லை. இரு திறத்தாரும் ஒரே சொல்லையே பயன்படுத்துகின்றனர். ஏழாவது வினாவைத் திறந்தே வைத்திருக்கும் வினைச்சொல்லின் சிறப்பு இதுவே.

அரசியலை விடுத்துக் கணினிக்கு வருவோம். கணினி வழக்கின் பிறப்பை நீதிபதியின் பெயரோடு மட்டும் இணைப்பதற்கில்லை. உடைந்தது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் எழுத்து மாற்றம் என்பர் சிலர். 1976 இல் ஆரம்பமான ‘மப்பெற்’ பொம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் சுவீடன் நாட்டுச் சமையற்காரனின் உளறலை நினைவூட்டுவர் வேறு சிலர். பிறப்பு எதுவாயினும், இங்கு இச்சொல் பெரும்பாலும் ஆதற் பொருளிலேயே வருகின்றது. செய்பவன் இல்லை, பழுது மட்டுமே உண்டு. வேடிக்கைத் தொனியுடைய ஒரு சொல் கோபத்தைத் தணிக்கின்றது. கூடவே ‘யார் செய்தது’ என்னும் வினாவையும் தணித்துவிடுகின்றது.

அவ்வினாவை விடாது பற்றியோரும் உளர். 2003 இல் நோர்வே நாட்டு ஒப்பெறா நிறுவனத்தின் இணைய உலாவியில் மைக்றோசொவ்ற் நிறுவனத்தின் எம்.எஸ்.என். தளம் உருக்குலைந்து தோன்றிற்று. காண்போர் உலாவியே பழுது என்று எண்ணியிருப்பர். ஒப்பெறா நிறுவனத்தார் ஆராய்ந்து, பக்கத்தின் வடிவத்தை வகுக்கும் கோப்பு தமது உலாவிக்கு மட்டும் வேறாக அனுப்பப்படுகின்றது எனக் குற்றஞ்சாட்டினர். பெப்ரவரியில் ‘போர்க் பதிப்பு’ என்னும் பெயரில் ஓர் உலாவியை வெளியிட்டனர், அதில் எம்.எஸ்.என். தளத்தைத் திறந்தால் எழுத்துக்கள் யாவும் அச்சமையற்காரனின் உளறலாய் மாறும். நகைச்சுவையாயினும் அதனுள் ஓர் அறக்கூற்று இருந்தது. ‘கெட்டது’ என்று உலகம் கூறியதை ‘கெடுக்கப்பட்டது’ என்று அவர்கள் திருத்தினர்.

2024 யூலை 19 இல் கிறவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின என மைக்றோசொவ்ற் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளின் பணி தடைப்பட்டது. வரிசையிற் காத்துநின்ற மக்களுக்கு முகப்பில் இருந்த ஊழியர் கூறக்கூடியதெல்லாம் ‘கணினி வேலை செய்யவில்லை’ என்பதே. அவ்வூழியர் பொய் கூறவில்லை. ஆயின் அக்கூற்று அவ்வளவில் நின்றுவிட்டால், பிழையைச் சோதியாது வெளிவிட்டவர் மறைந்து, முகப்பில் நிற்பவரே வசையைச் சுமப்பார். செய்பவனை இழந்த வினை பொறுப்பை அழித்துவிடுவதில்லை. அதனை அருகில் அகப்பட்ட எளியவன் தோளுக்கு மாற்றிவிடுகின்றது.

கொச்சைச் சொற்கள் விளையாட்டுக்குரியவை, அவற்றை இங்ஙனம் நிறுத்துப் பார்ப்பது மிகை என்று சிலர் கருதக்கூடும். நண்பர் இருவர் தமக்குள் பேசிச் சிரிக்கும்போது அது சரியே. ஆனால் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கும் இடத்தில் அதே சொல் வரும்போது விளையாட்டு முடிந்துவிடுகின்றது. மாணவர் மன்றமாயினும், விரிவுரையாளர் நியமனமாயினும், ஊர்ச் சங்கமாயினும், ஒருவரை விமர்சித்தோரெல்லாம் அவரைப் பழிதூற்றியோராகவும், பழிதூற்றியோரெல்லாம் வெறும் விமர்சகராகவும் மாறுவதற்கு ஒரு வசதியான சொல்லே போதுமானது.

ஆகவே, இத்தகைய வினைச்சொல் நம் செவியில் விழும்பொழுது இரு வினாக்களை எழுப்புதல் தகும். தீர்ப்போடு வரும் சொல்லிடம், ‘தீர்ப்பை வெளியே வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் கூறு’ என்று கேட்கவேண்டும். கூறியது பொய்யா, கேட்டது தகாததா, புகுந்தது பிறர் வீட்டினுள்ளா என்று பிரித்தறிந்த பின்னரே நாம் தீர்ப்பளிக்கலாம். செய்பவனின்றி வரும் சொல்லிடம், ‘ஆயிற்று என்கிறாய், ஆக்கியவர் யார்?’ என்று கேட்கவேண்டும். பவணந்தியார் வகுத்த ஆறும் நிறைந்து, ஏழாவது நம் கையில் எஞ்சும் நிலையிலேயே அறம் தன் பணியைத் தொடங்க இயலும். பிறர்மீது பழியோ இரக்கமோ கொள்ளுமுன் இவ்வளவு பொறுமையேனும் காட்டுவது கற்றோர்க்குரிய கடன் என்பதே எமது துணிபு.